எச் வைத்தும் எச் இல்லாமலும்

பாகம் பிரித்தது அவிநாசி ரோட்டில்,
ஆடிட்டர் ஆபீஸ் மாடியில்,
கரண்டு போன ஒரு வியாழக்கிழமை.

ஓவர்லாக் பதினொன்று அவருக்கு.
பிளாட்லாக் ஆறு எனக்கு.
ஜெனரேட்டர் அவருக்கு, அதன் கடன் இருவருக்கும்.
மிச்சக் கோன் நூலைக்கூட
தராசு வரவழைத்து நிறுத்தோம்.
இருபத்தேழு கிலோ. ஆளுக்குப் பதிமூன்றரை.

டீ வாங்கி வந்த பையனிடம்
சில்லறை வரை கேட்டு வாங்கிய சென்னியப்பன்
தும்பை நிட்ஸ் என்ற பேரை மட்டும் கேட்கவில்லை.
"போர்டுதானுங்க, நீங்களே வெச்சுக்கோங்க,
ஃபிளெக்ஸு கிழிஞ்சுதான் கெடக்குது."

போர்டைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது.
தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

கம்பெனி தொடங்கிய மாதமே
அந்த டொமைனை வாங்கியிருந்தேன்,
எண்ணூறு ரூபாய், என் கார்டில்.
"அதெதுக்குங்க தண்டச் செலவு,
ஓசி மெயில் இல்லாமயா போச்சு?"
அப்போது சொன்னதும் அவர்தான்.
ஒன்றல்ல, இரண்டு வாங்கினேன்.
தும்பைக்கு எச் வைத்து ஒன்று,
எச் இல்லாமல் ஒன்று.
பெல்ஜியத்துக்காரர் எப்படித் தட்டினாலும்
எங்கள் வாசலில் வந்து நிற்கோணும்.

வாசல் என்றா சொன்னேன்?
அது மூன்று தடவை மாறியது.
ராயபுரத்தில் அட்வான்ஸை ஏற்றினார்கள்.
மங்கலம் ரோட்டில் மழைத்தண்ணீர் ஏறியது.
அனுப்பர்பாளையத்தில்
பக்கத்துப் பாத்திரப் பட்டறைச் சத்தத்தில்
பையர் சொன்ன விலை காதில் விழவில்லை.
ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி
விசிட்டிங் கார்டு குப்பைக்குப் போனது.
செல் நம்பர்கூட ஒரு முறை போனது.
மெயில் மட்டும் யாரிடமும் வழி கேட்காமல் வந்தது.

கரண்டு மீட்டர் மாமனார் பெயரில்.
ஸ்கூட்டி வீட்டுக்காரர் பெயரில்.
ஜிஎஸ்டியில் கையெழுத்து சென்னியப்பனுடையது.
அந்த ஒரு படிவத்தில்தான்
த/பெ இல்லை, க/பெ இல்லை.
கோகிலவாணி என்று அடித்ததும்
போதும் என்றுவிட்டது.

சொந்தம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன்.
அதுவும் வருச வாடகைதான்.
ஈரோட்டில் மஞ்சள் கமிஷன் மண்டிக்காரர் ஒருவர்
கட்டாமல் மறந்துவிட்டார்.
இப்போது அவர் கடைப் பேரைத் தட்டினால்
ரம்மி ஆட வா என்று கூப்பிடுகிறது.

பிரிந்த நாற்பதாம் நாள்
எச் இல்லாத வாசல் வழியே ஒரு மெயில்.
டியர் மிஸ்டர் சென்னி,
குழந்தை பனியன் பன்னிரண்டாயிரம் பீஸ்,
போன வருசத்து அளவே.

பன்னிரண்டாயிரம்.
என் ஆறு மிஷினும் தீபாவளி வரை ஓடும்.
ஓவர்லாக்கை ஜாப் ஒர்க்கில் பிடித்துக்கொள்ளலாம்.
போனஸ்கூடக் கணக்குப் போட்டுவிட்டேன்.
விடிய விடிய அந்த மெயிலைத்
திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

காலையில் அவருக்கு அனுப்பினேன்.
"உங்களுக்குங்க" என்று ஒரே வார்த்தை.
நல்ல மனசு என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
பேர் சொல்லிக் கேட்டு வந்தவரிடம்
ஆள் இல்லை என்று பொய் சொன்னால்
அடுத்த தடவை அவர்
இந்த வாசலைத் தட்டமாட்டார்.

அரை மணியில் பதில் வந்தது, ஓசி மெயிலில்.
சென்னியப்பன், ஒரு அடிக்கோடு,
பின்னால் ஒன்று ஒன்பது ஏழு நான்கு.
இவருக்கு முன்னமே
எத்தனை சென்னியப்பன்கள் வந்து
இடம் போட்டுவிட்டார்களோ.
நன்றி கின்றி ஒன்றும் இல்லை.
"அந்தப் பேரு என்ன வெலைங்க?"

தராசை எடுத்து வரச் சொல்லலாமா
என்று ஒரு கணம் தோன்றியது.

எச் வைத்ததை
ஐந்து வருசத்துக்குப் புதுப்பித்துவிட்டேன்.
எச் இல்லாததைப் பற்றி
இன்னும் பதில் போடவில்லை.